மழைக்குக் காரணம் கஸ்தூரி

கஸ்தூரி காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் கால் வைக்க மாட்டாள். உள்ளே நின்றபடியே கழுத்தை மட்டும் நீட்டி வானத்தைப் பார்ப்பாள். வானம் வெளுத்துக் கிடந்தால் வாளியும் விளக்குமாறுமாக இறங்கிவிடுவாள். எங்காவது ஒரு மேகத் துண்டு தெரிந்தால் போதும், கொல்லைப்புறம் வழியாகச் சுற்றி வந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, நாலே புள்ளியில் ஒரு கோலத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். ஊசிப்பொட்டலுக்கு வாக்கப்பட்டு வந்த அடுத்த வருஷத்திலிருந்து இப்படித்தான். ஊர் இதைக் கூச்சம் என்று நினைத்தது. கூச்சம் உண்டுதான். ஆனால் மேகம் தெரிகிற நாளில் அவள் தலையும் தெரிந்துவிட்டால், யாராவது ஒருவர் வந்து நின்று, "தாயி, எங்க காட்டுல ஒரு எட்டு வந்து காலை வச்சுட்டுப் போ" என்பார். அவர் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பயந்துதான் அந்தக் கொல்லைப்புற வழி.

ஊசிப்பொட்டல் திருச்சுழிக்கு மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அறுபது வீடு, ஒரு கண்மாய். வருஷத்தில் பத்து மாதம் அந்தக் கண்மாய்க்குள் கபடி ஆடலாம். சோளம், பருத்தி, கொத்தமல்லி எல்லாமே வானத்தை நம்பிய வெள்ளாமை. எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில், இரண்டு வருஷமாக மழையே எட்டிப் பார்க்காத அந்த ஊருக்கு, பாளையம்பட்டியிலிருந்து புதுப்பெண்ணாக வந்தாள் கஸ்தூரி. பஸ்ஸை விட்டு இறங்கி, ஊர் எல்லைக்கல்லைத் தாண்டிக் கால் வைத்தாள். முதல் சொட்டு அப்போதுதான் விழுந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் பந்தல் சரிந்தது. ரேடியோ செட்டுக்காரர் குழாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். சாம்பார் அண்டாவில் மழைத் தண்ணீர் விழுந்து ரசமானது. ஒருவருக்கும் கோபமில்லை. மூன்று நாள் பெய்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஊசிப்பொட்டலில் எதுவும் சும்மா நடப்பதில்லை. பஸ் தாமதமாக வந்தால் அதற்குப் புதுக் கண்டக்டரின் மீசை காரணம். மாடு நொண்டினால் பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டர் காரணம். மழைக்கு மட்டும்தான் அதுவரை சரியான காரணம் கிடைக்காமல் இருந்தது. அடுத்த வருஷம் விதைப்பு நேரத்தில், ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த மொக்கையன் வந்து நின்றார். கஸ்தூரி அவர் காட்டில் வெறுங்காலோடு இறங்கி ஒரு கை சோளம் விதைத்தாள். நாலாம் நாள் மழை. அதற்குப் பிறகு ஊரில் முதல் விதை என்றால் அது கஸ்தூரி கைதான்.

ஒரு கை விதை போட யாருக்கு என்ன கஷ்டம்? வரப்பில் ஆண்கள் வரிசையாக நின்று பார்க்க, காட்டின் நடுவில் தனியாக நடப்பதுதான் அவளுக்கு உயிர் போகிற காரியம். அதைவிடப் பெரிது, கூடவே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு கட்டுப்பாடு. முதல் மேகம் கூடியதிலிருந்து கடைசிக் காடு விதைத்து முடிகிற வரைக்கும் கஸ்தூரி எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. எண்பத்தெட்டில் அவள் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். புருஷன் சங்கரலிங்கம் மட்டும் போய்விட்டு, காகிதப் பொட்டலத்தில் ஜாங்கிரியும் ஒரு போட்டோவும் கொண்டுவந்தான். ஜாங்கிரியை எல்லாருக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, அடுக்களையில் கொஞ்ச நேரம் அழுதாள் கஸ்தூரி.

மறு வருஷம் ஆவணி பாதியில் ஒரு தபால் கார்டு வந்தது. அருப்புக்கோட்டையில் இன்பராணி டீச்சர் என்பவர் பெண்களுக்குத் தையல் பழக்கிக்கொடுத்தார். ஆறு மாத வகுப்பு, மொத்தம் பன்னிரண்டு பேர்தான். கஸ்தூரி மாமியாரின் பழைய கை மிஷினில் ஊருக்கெல்லாம் கிழிசல் தைத்துக்கொடுப்பவள். முறையாக வெட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும், ஒருநாள் சொந்தமாக ஒரு தையல் கடை வைக்க வேண்டும் என்று ஆசை. அருப்புக்கோட்டையில் தானிய மண்டியில் எடை போடுகிற சங்கரலிங்கம்தான் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கார்டில் இரண்டே வரி. இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் பதினொன்று, திங்கட்கிழமை காலையில் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மூன்று வயது மகள் பிரவீணாவோடு பாளையம்பட்டியில் அம்மா வீட்டில் தங்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் போய் வருவதாக ஏற்பாடு.

மாமியார் கோகிலாம்பாள் ஊரின் ஒரே பலசரக்குக் கடையை நடத்திவந்தாள். "போயிட்டு வா. கடைய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். மொக்கையன்தான் செய்தி கேட்டதும் கடை வாசலில் வந்து நின்றார். கூடவே பீடி வாங்க இருளப்பசாமியும் வந்திருந்தார்.

"என்ன கோகிலாம்பா, மருமகளை டவுனுக்கு அனுப்புறியாமே?"

"ஆறு மாசந்தான மொக்கையண்ணே. ஜாக்கெட்டு, பாவாடை எல்லாம் பழகிக்கிட்டு வந்துருவா."

"பழகட்டும், வேண்டாங்கல. தை மாசம் போகச் சொல்லு. வெதப்பு நேரத்துல மழைய பஸ்ஸு ஏத்தி அனுப்பிட்டா ஊரு என்னத்தத் திங்கும்?"

"மழைக்கும் சேத்து ஒரு அரை டிக்கெட்டு எடுக்கணும்ண்ணே" என்றார் இருளப்பசாமி.

"ஏலே, நீ சும்மா இரு. இங்க பாரு கோகிலாம்பா, மீறிப் போயி, மழையும் பொய்ச்சுதுன்னா, ஊருல ஒரு சனம் ஒன் கடைப்படி ஏறாது. சொல்லிப்புட்டேன்."

உப்புச் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கஸ்தூரி எல்லாவற்றையும் கேட்டாள். திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் தங்கச்செல்வி நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். மூன்றாம் தடவைக்காக சனி, ஞாயிறு அருப்புக்கோட்டைக்கு டுட்டோரியல் போய்வந்தாள். கஸ்தூரி ஏழாவதோடு நின்றவள்தான். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்பது அவள் வேலை.

"அட்... ரிப்யூட்" என்று கூட்டினாள் கஸ்தூரி.

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணு நடந்ததுக்கு இன்னாரு காரணம், இன்னது காரணம்னு சொல்றது."

"காரணமா இருக்குறதா?"

"இல்ல மதினி, அதுக்கு வேற வார்த்தையாம். இது சொல்றதுக்கு மட்டுந்தானாம். வாத்தியார் டஸ்டர் கட்டையால மேசையில அடிச்சு அடிச்சுச் சொன்னாரு. நல்லதுக்கும் போடலாம், கெட்டதுக்கும் போடலாம். பரீட்சையில பாஸானா வாத்தியார் மேல போடலாம், பெயிலானா கரண்டு கட்டு மேல போடலாம்."

"நீ ரெண்டு தடவையும் எது மேல போட்ட?"

"மொதத் தடவை எனக்கு அம்மை போட்டது மேல. ரெண்டாந்தடவை கரண்டு மேல."

"மூணாந்தடவைக்கு?"

"அதான் நீங்க இருக்கீகளே!"

இருவரும் சிரித்தார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிக் காட்ட வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம். செல்வி எழுதியிருந்ததைக் காட்டித் தமிழில் சொன்னாள்: ஊசிப்பொட்டல் மக்கள் மழைக்குக் காரணம் எங்கள் மதினி என்று சொல்கிறார்கள். கீழே சிவப்பு மையில் ஒரு சரி. அதற்குப் பக்கத்தில் வாத்தியார் தமிழிலேயே எழுதியிருந்தார்: 'மழையைக் கேட்டீர்களா?'

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். கஸ்தூரிக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி, இந்த வார்த்தைக்குச் சொல்றவுக ஒருத்தரு கட்டாயம் வேணும், இல்லையா?"

"ஆமா. சொல்ற ஆளு இல்லாம இந்த வார்த்தைக்கு வேலையே இல்லேன்னாரு."

"நீ மக்கள்னு எழுதியிருக்க. மக்கள் எல்லாரும் ஒரே நேரத்துலயா வாயத் தெறந்திருப்பாக? மொத ஆளுன்னு ஒருத்தரு இருக்கணுமே."

ஐந்து வருஷமாக இந்தப் பேச்சைச் சுமந்தவளுக்கு இது தோன்றாமலே போயிருந்தது. மேகம் மாதிரி அது தானாகவே கூடியதாகத்தான் நினைத்திருந்தாள். முதல் ஆள் ஒருவர் இருந்தால் அவரிடம் போய்க் கேட்கலாம். அவரே இல்லையென்று சொல்லிவிட்டால் ஊரும் விட்டுவிடும். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் கேட்பது எப்படி? ஆண்களிடம் நேராக முகம் பார்த்து அவள் பேசியதே கிடையாது. மொக்கையன் மறுநாள் வெல்லம் வாங்க வந்தபோது தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, எங் காலு பட்டா மழை வரும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

கேட்ட கேள்வியைவிட அவள் பேசியதுதான் மொக்கையனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "யாரு சொன்னதா? ஊரே சொல்லுதே தாயி."

"ஒங்ககிட்ட மொதல்ல யாரு?"

தலையைச் சொறிந்தார். "இருளப்பசாமிதான். ஒங்க கல்யாணத்தன்னைக்கு, பந்தக்கால ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது சொன்னான்."

இருளப்பசாமி சாயங்காலம் பீடிக்கு வந்தார். "நானா? நான் எங்க கண்டேன்? எனக்கு அந்த மொக்கையன் சம்சாரம்தான் சொல்லுச்சு. பந்திப் பாய நனையாமச் சுருட்டும்போது."

அவர் போனதும் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் வீட்டிலிருந்து கிளம்பின பேச்சை மொக்கையன் அடுத்தவர் வாயால் கேட்டு நம்பியிருக்கிறார்.

மொக்கையன் மனைவி சோலையம்மாளை அடிபம்பில் பிடித்தாள். குடம் நிறைகிற வரைக்கும் சும்மா நின்றுவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"அடி ஆத்தி, நானாச் சொல்லலடி" என்றாள் சோலையம்மாள். "அத்தன பேரு முன்னால சத்தம் போட்டுச் சொன்னது ஒம் மாமியாதான். ஒனக்குத் தெரியாதா?"

கஸ்தூரிக்குத் தெரியாது. கல்யாணத்தன்று அவள் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த மழைச் சத்தத்தில் எதுவும் காதில் விழவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கோகிலாம்பாள் மிளகாய் வத்தலில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி குடத்தை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்து தானும் இரண்டு வத்தலைக் கிள்ளினாள்.

"அத்தை, மழைய நான் கொண்டாந்தேன்னு மொதல்ல சொன்னது நீங்களா?"

கோகிலாம்பாளின் கை நின்றது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. வத்தல் காரமோ சிரிப்போ, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டியாக்கும்! அன்னைக்கு ஒன்னிய நடுவீட்டுல உக்கார வச்சிருந்துச்சா? எங்க வீட்டுக்காரரு தங்கச்சி வந்து ஒன் கழுத்தையும் காதையும் உத்து உத்துப் பாத்தா. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி, 'எட்டுப் பவுனுன்னு சொன்னாக, நாலுதான் வந்துருக்கு போல'ன்னா. நீ சொட்டச் சொட்ட நனைஞ்சு தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்த. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'நாலு பவுனு கொண்டாந்தா என்ன, ரெண்டு வருஷமா ஒருத்தரும் கொண்டாராத மழையக் கொண்டாந்துருக்கா எம் மருமக, ஒம் மருமக என்னத்தக் கொண்டாந்தா'ன்னு கேட்டேன். வாய மூடிட்டா. ஒருத்தி வாய அடைக்கத்தான் சொன்னேன். ஊரு வாய் தெறந்துக்கிருச்சு."

ஐந்து வருஷமாகத் தன்னைக் கட்டிப்போட்டிருந்த பேச்சு தனக்காக யாரோ பரிந்து பேசியது என்று தெரிந்தபோது கஸ்தூரிக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மாமியாரின் கையைத் தொட்டாள். இரண்டு பேர் கையிலும் வத்தல் எரிந்தது.

"ஏன் அத்தை பெறகு சும்மா இருந்தீக?"

"எனக்கும் பெருமையாத்தான இருந்துச்சு. மழைக்காரி மாமியான்னு சந்தையில எடம் விட்டாக. ஒன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போக முடியாம நீ அடுக்களையில அழுதப்பதான் சுருக்குன்னுச்சு. சொல்ல வாய் வல்ல. இருக்கட்டும், சொன்னவ நாந்தான. நானே பேசுறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேண்டுமென்றே வந்ததைப்போல, கிழக்கே மேகம் கூடியிருந்தது. கஸ்தூரி கதவைத் திறக்கும்போதே மொக்கையன் விதைக் கூடையோடு நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர். சோலையம்மாளும் இருந்தாள். கொல்லைப்புறம் போகத் திரும்பிய கஸ்தூரியின் முதுகில் கோகிலாம்பாள் கை வைத்தாள். "முன்வாசல் வழியாவே வா" என்றாள்.

வாசலில் நின்று கோகிலாம்பாள் கல்யாணத்தன்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தன் நாத்தனாரின் குரலைப் போலவே பேசிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கூடையை யாரும் கீழே வைக்கவில்லை.

"நீ வெளாட்டுக்குத்தான் சொல்லியிருக்க. ஆனா பலிச்சிருக்கே கோகிலாம்பா" என்றார் மொக்கையன். "ஒண்ணு ரெண்டு வருஷமா? தப்பாமப் பேஞ்சிருக்கு. அதுக்கு என்ன சொல்லுற?"

கோகிலாம்பாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான், டுட்டோரியலுக்குக் கிளம்பி வாசலில் நின்ற செல்வி நினைத்தாள். அப்போது கஸ்தூரி பேசினாள். குரல் சின்னதாக இருந்ததால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

"மாமா, ஒரு வருஷமாச்சும் வெறும் வானத்துல என்னியக் கூப்புட்டுருக்கீகளா?"

மொக்கையன் கூடையை மறு கைக்கு மாற்றினார்.

"மேகம் கூடுனப்பறந்தான் வந்து கூப்புடுறீக. இன்னைக்கும் அப்பிடித்தான் வந்துருக்கீக. மேகம் எனக்கு முன்னாலயே வந்துருது. நான் பின்னாலதான் வாரேன்."

ஒவ்வொருவராக வானத்தைப் பார்த்தார்கள், கூடையைப் பார்த்தார்கள்.

"சித்திரை வெயில்ல ஒருதடவை கூப்புட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார் இருளப்பசாமி.

"சரி, அப்ப மொத வெதைய யாரு போடுறது?" என்று கேட்டார் மொக்கையன். குரல் இறங்கியிருந்தது.

"ஏன், நான் போட மாட்டனா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள் சோலையம்மாள். "இருவத்தஞ்சு வருஷமா அந்தக் காட்டுல குனிஞ்சு களை எடுக்குறது நானு. மொத வெதைக்கு மட்டும் அடுத்த வீட்டு மருமகளா? குடு இங்க."

கூடை கை மாறிவிட்டது. மொக்கையன் வெறுங்கையைப் பார்த்தார். "இத நீ முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டீகளா?"

"சரிடி. ஆனா ஒண்ணு. மழை வல்லேன்னா அதுக்கு நான் யாரச் சொல்றது?"

"என்னியச் சொல்லுங்கண்ணே" என்றார் இருளப்பசாமி. "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் நாந்தான் காரணம். இதையும் சேத்துக்கிறேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் கஸ்தூரி பிரவீணாவை மடியில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினாள். ஞாயிற்றுக்கிழமை கூடின மேகம் ஒரு சொட்டும் போடாமல் காரியாபட்டிப் பக்கம் போய்விட்டிருந்தது. வகுப்பில் மற்றவர்கள் செய்தித்தாளை ஜாக்கெட் அளவுக்கு வெட்டிக்கொண்டிருக்க, அவள் கண் ஜன்னலுக்கே போனது.

"கஸ்தூரி, கழுத்தளவு இந்தப் பேப்பர்ல இருக்கும்மா" என்றார் இன்பராணி டீச்சர். "ஆகாசத்துல யாருக்குத் தைக்கப் போற?"

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்தாள். ஆனால் நாள் ஏற ஏற மனதில் ஒரே கேள்விதான். மழை பொய்த்தால் மாமியாரின் கடை என்னவாகும்? தினமும் ஊரிலிருந்து மண்டிக்கு வந்து, வேலை முடிந்ததும் பாளையம்பட்டிக்கு எட்டிப் பார்க்கிற சங்கரலிங்கத்தின் முகத்தை முதலில் பார்ப்பாள். பிறகு செருப்பைப் பார்ப்பாள். செருப்பில் புழுதிதான் இருந்தது.

பத்து நாள் கழித்து வியாழக்கிழமை அவன் முந்தின ராத்திரிச் சேறு ஒட்டிய செருப்போடு வந்தான்.

"ஊருல நல்ல மழை. கண்மாய்க்குள்ள முழங்கால் தண்ணி. கபடி ஆடுற பயகளுக்கு எடம் இல்ல."

கஸ்தூரி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ஊரு என்ன சொல்லுது?"

"மொக்கைய மாமா, 'எல்லாம் எம் பொண்டாட்டி கைராசி'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நாலு பேரு சோலையம்மா அத்தையத் தேடி வந்துட்டாக, எங்க காட்டுக்கும் வான்னு. 'எங்க காட்டோட சரி, ஒங்க காட்டுக்கு ஒங்க வீட்டுல பொம்பள இல்லையா'ன்னு விரட்டி விட்டுருச்சு." அவன் சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்தினான். "இன்னொரு கூட்டம் என்ன சொல்லுது தெரியுமா? நீ ஊர விட்டுப் போனதாலதான் இப்பிடிக் கொட்டுதாம்."

கஸ்தூரி மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அவன் அன்றைக்குத்தான் கேட்டான்.

தங்கச்செல்வி அந்த அக்டோபரில் இங்கிலீஷில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கித் தேறினாள். அவள் மனப்பாடம் செய்த அந்த வார்த்தை பரீட்சையில் வரவேயில்லை. கஸ்தூரி ஆறு மாத வகுப்பை முடித்துவிட்டுப் பங்குனியில் ஊருக்கு வந்தாள். மாமியாரின் கடையில் ஒரு பக்கத்தை ஒதுக்கி மூன்று வருஷம் தைத்தாள். பிரவீணாவின் படிப்புக்காகத் தொண்ணூற்று மூன்றில் குடும்பம் பாளையம்பட்டிக்கு வந்தது.

இப்போது தொண்ணூற்றெட்டு. பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கஸ்தூரிக்குச் சொந்தமாகத் தையல் கடை இருக்கிறது. மூன்று மிஷின், வேலைக்கு இரண்டு பெண்கள். கோகிலாம்பாள் ஊசிப்பொட்டலில் தன் கடையிலேயே இருக்கிறாள்; கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறாள். அங்கே ஒவ்வொரு காட்டிலும் அந்தந்த வீட்டுப் பெண்களே முதல் விதை போடுகிறார்கள். மழை சில வருஷம் பெய்கிறது, சில வருஷம் பெய்வதில்லை.